தகர டப்பாவின் மூக்கு

"மாமா! துணி கீழ விழுந்துச்சு! நான் பார்த்தேன்!"

மேஸ்திரி போட்ட சத்தத்தில் மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். தரையிலிருந்து எடுத்த துணியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"விழல மேஸ்திரி. லேசாத் தரையைத் தொட்டுச்சு. அவ்வளவுதான்."

"தொட்டாலும் விழுந்த மாதிரிதான். குப்பைக் கூடையில போடுங்க."

"புதுசு! இப்பத்தான் கிழிச்சேன்!"

"போடுங்க மாமா!"

மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துணியைக் கூடையில் போட்டார்.

மேஸ்திரி என்றதும் முறுக்கு மீசையும் தோளில் துண்டுமாக ஒருவரை நினைத்துவிடாதீர்கள். இவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண். இரட்டைச் சடை. முன்பல் ஒன்று இப்போதுதான் பாதி முளைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் இவள் மேஸ்திரிதான். அந்தப் பெயரை வைத்தவர் மாமா. ஏன் வைத்தோம் என்று இப்போது தினமும் வருத்தப்படுகிறார்.

கீழே விழுந்த துணியைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது அந்தக் கொட்டகையின் சட்டம். துணியில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும். அதை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வராது, கீறல்தான் வரும்.

எதைத் தேய்த்தார்கள் என்று கேட்கிறீர்களா? குடத்தையா, குண்டானையா? இல்லை. விமானத்தை!

நிஜமான விமானம். ஒரே ஓர் இருக்கை. முன்னால் ஒரு காற்றாடி. இறக்கைகள் இரண்டும் தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றன. அதைக் கட்டியவர் அம்மா.

அம்மாவுக்கு வேலை பஸ் ஓட்டுவது. விடுமுறை நாட்களில் ஒரு கிளப்பில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓட்டத் தெரிந்த பிறகு, "நாமே ஒண்ணு கட்டினா என்ன?" என்று கேட்டார். மாமா அம்மாவின் தம்பி. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். "கட்டலாமே அக்கா, அது என்ன பெரிய விஷயம்?" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார். அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்தான். அலுமினியத் தகடுகளை வெட்டி, வளைத்து, துளை போட்டு, ஆணி அறைந்து, வருடக்கணக்காக வேலை நடந்தது. மேஸ்திரியின் தம்பி வாண்டு பிறந்தான், தவழ்ந்தான், நடந்தான். விமானம் மட்டும் அதே இடத்தில் நின்றது.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. சோதிக்க வந்த அதிகாரி ஒவ்வோர் ஆணியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "பறக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயின்ட் அடித்தால் கனம் கூடும் என்று அம்மா அதை வேண்டாம் என்றார். வெறும் அலுமினியமாகவே இருக்கட்டும், தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம் என்பது அவருடைய முடிவு.

முதலில் அது பார்க்கச் சகிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாம்பல் நிறம். உடம்பெல்லாம் கைரேகை. கொட்டகைக் கதவைத் திறந்தால் தெருவே எட்டிப் பார்த்தது. எதிரே சலூன். சலூன்காரர் கையில் சீப்போடு வாசலுக்கு வந்து தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"என்ன மேஸ்திரி, தகர டப்பா எப்ப பறக்குது?"

"தகரம் இல்ல அங்கிள். அலுமினியம்!"

"சரி, அலுமினிய டப்பா. எப்ப பறக்குது?"

அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடத்துக்கும் போனது. "உங்க வீட்டு டப்பாவுக்கு மூடி இருக்கா?" என்று ஒருவன் கேட்டான். மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சலூனுக்குப் போனாள்.

"பாத்துக்கிட்டே இருங்க அங்கிள். உங்க முகம் தெரியற மாதிரி அதைத் தேய்ச்சுக் காட்டறேன்."

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "என் முகமா? அந்த டப்பாவோட மூக்குல என் முகம் தெரியட்டும். அதைப் பார்த்தே நான் சவரம் பண்ணிக்கறேன். ஊரையே கூட்டி வெச்சுக்கிட்டுப் பண்றேன்!"

"நிஜமா?"

"நிஜமா. என் சலூன் மேல சத்தியம்!"

அவ்வளவுதான். அந்த விடுமுறை முழுக்க மேஸ்திரி கொட்டகையை விட்டு அசையவில்லை.

விமானத்தை மெருகேற்றுவது ஒரு வேடிக்கையான வேலை. டப்பாவில் இருக்கும் பசையைத் தகட்டில் தடவித் துணியால் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் பளபளக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பளபளக்காது. முதலில் கறுப்பாகும். தகடு கறுப்பாகும், துணி கறுப்பாகும், கை கறுப்பாகும், மூக்கைச் சொறிந்தால் மூக்கும் கறுப்பாகும். முதல் நாள் வாண்டு அழுதேவிட்டான். "அக்கா விமானத்தைக் கெடுத்துட்டா!"

"அழாதடா. கறுப்பு வந்தாத்தான் உள்ள இருக்கற வெள்ளை வரும்" என்றார் அம்மா.

இன்னும் தேய்த்தார்கள். புதுத் துணி எடுத்துத் துடைத்தார்கள். திடீரென்று அந்தக் கறுப்புக்கு நடுவிலிருந்து ஒரு கண் மேஸ்திரியைப் பார்த்தது. அவளுடைய கண்தான்!

"தெரியுது! தெரியுது! நான் தெரியறேன்!" அவள் குதித்த குதியில் பசை டப்பா கவிழ்ந்தது.

இறக்கைகளையும் உடம்பையும் மாமா மெஷின் வைத்துத் தேய்த்தார். ஆணிகளைச் சுற்றி ஒட்டிய கறுப்பு மட்டும் எதற்கும் அசையவில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தவர் அப்பா, அதுவும் தெரியாமல். அப்பாவுக்குப் பேக்கரி. மாவு படிந்த கையோடு வந்து விமானத்தைத் தொட்டுவிட்டார். மேஸ்திரி கத்திக்கொண்டே அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் கறுப்பு எல்லாம் மாவோடு வந்துவிட்டது!

அன்றிலிருந்து பேக்கரி மாவு காணாமல் போக ஆரம்பித்தது. மாவு தூவும் வேலை வாண்டுவுக்கு. விமானத்தில் விழுந்ததைவிட அவன் தலையில் விழுந்ததுதான் அதிகம். மாவோடு அப்பாவின் பனியன்களும் காணாமல் போயின. பருத்தித் துணிதானே, தேய்க்க அதைவிட நல்லது எது?

"என் பனியன் எங்க?" என்று அப்பா காலையில் கேட்பார்.

"விமானம் போட்டுக்கிட்டிருக்கு" என்று வாண்டு பதில் சொல்வான்.

மூக்கின் மேல்புறம் மட்டும் மேஸ்திரிக்கே சொந்தம். இன்ஜினை மூடியிருக்கும் அந்தத் தகடு, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேர் முன்னால் வளைந்து இறங்கியது. அந்த வளைவில் மெஷின் போகாது, கையால்தான் தேய்க்க வேண்டும். அவள் தேய்த்தாள். விரல் நுனி எரியும் வரைக்கும் தேய்த்தாள். ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், பனியன் மேல் பனியனாக மாற்றித் தேய்த்தாள். கடைசியில் அந்த மூக்கு இருந்த பளபளப்பைப் பார்த்து மாமாவே தலையைச் சொறிந்தார்.

"மெஷின் தேய்ச்சதைவிட இது நல்லா இருக்கே மேஸ்திரி!"

மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

விமானத்தை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த ஓடுதளத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே வாடகைக்கு எடுத்த கொட்டகையில் இறக்கைகளை மாட்டினார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் தயார். மறுநாள் காலை அம்மா முதல் முறையாகப் பறக்கப் போகிறார். தெருவே வருவதாகச் சொல்லியிருந்தது. சலூன்காரர், "சவரக் கத்தியோட வரேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒரு தடவை வெளியே தள்ளிப் பார்த்துடலாம்" என்றார் அம்மா. எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். விமானம் புல்வெளிக்கு வந்ததும் சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்தது. இறக்கையில் மேகம் போனது. வயிற்றில் புல் அசைந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாவு பட்டுடுச்சு" என்றார். அன்றைக்கு அவர் கையில் மாவே இல்லை.

"அம்மா, நான் உள்ள உட்காரட்டுமா? ஒரே ஒரு தடவை?"

"உட்காரு. எதையும் திருகாத." இன்ஜின் சாவி அம்மாவின் பையில் பத்திரமாக இருந்தது.

மேஸ்திரி ஏறி உட்கார்ந்தாள். ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவு குட்டை! அப்பா இரண்டு மாவுச் சாக்குகளை மடித்து அடியில் வைத்தார்.

"இப்ப சரியா அம்மா உயரம்" என்றார்.

மேஸ்திரி நிமிர்ந்து முன்னால் பார்த்தாள்.

பளீர்!

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மெல்லத் திறந்தாள். மறுபடியும் பளீர். முன்னால் இரண்டு சூரியன்கள் இருந்தன. ஒன்று வானத்தில், இறங்கும் சூரியன். இன்னொன்று மூக்கின் மேல், அவள் தேய்த்துத் தேய்த்து வைத்த அந்த வளைவில். மேலே இருந்த சூரியனைக் கையால் மறைத்தாள். கீழே இருந்ததை மறைக்கப் போனால் ஓடுதளமும் சேர்ந்து மறைந்தது.

"அக்கா! நான் தெரியறேனா?" எங்கிருந்தோ வாண்டு கத்தினான்.

"எங்கடா இருக்கே?"

"உனக்கு நேரா முன்னாடிதான்! கையை ஆட்டறேன் பாரு!"

மேஸ்திரி பார்த்தாள். வெளிச்சம்தான் இருந்தது. தம்பி இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் கையைத் தட்டினான், குதித்தான், அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். எதிரேயே நின்ற அவன் அவளுக்குத் தெரியவே இல்லை.

நாளைக் காலையில் அம்மா இதே இடத்தில் உட்காருவார். காலையில் சூரியன் ஓடுதளத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும். காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், அதனால் சூரியனைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். அப்போது முன்னால் ஒரு மாடு வந்தால்? வேறொரு விமானம் வந்தால்?

"எப்படி இருக்கு மேஸ்திரி?" என்று மாமா உற்சாகமாகக் கேட்டார்.

"நல்லா... நல்லா இருக்கு மாமா."

சொல்ல வாய் வரவில்லை. இறங்கிப் போய் மூக்கின் பக்கத்தில் நின்றாள். அதில் அவள் முகம் தெரிந்தது, சடை தெரிந்தது, பாதி முளைத்த பல்கூடத் தெரிந்தது. சொன்னால் இந்த மூக்கை என்ன செய்வார்கள்? சலூன் அங்கிள் என்ன சொல்வார்? நாளைக்கு மேகமாக இருந்தால் ஒன்றும் ஆகாதே? அம்மா பெரியவர்தானே, அவரே பார்த்துக்கொள்வாரே?

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. விமானத்தை மறுபடியும் கொட்டகைக்குள் தள்ளினார்கள். அம்மா ஒரு சுத்தமான துணியை எடுத்து விமானத்தின் முன்பக்கக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

அம்மாவின் பழக்கம் அது. ஒரு மழை நாளில் ஒரு லாரி பஸ் மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள், "நேரமாச்சு, எடும்மா, எடும்மா" என்று கத்தினார்கள். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மழையில் இறங்கிக் கண்ணாடி முழுவதையும் துடைத்துவிட்டு, நனைந்த சேலையோடு ஏறி உட்கார்ந்து, "முன்னாடி தெரியாம நான் வண்டி எடுக்க மாட்டேன்" என்றார். அன்று மேஸ்திரியும் அந்த பஸ்ஸில் இருந்தாள். அம்மாவை நினைத்து அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

அம்மா கண்ணாடியில் ஊதி இன்னொரு தடவை துடைத்தார். மேஸ்திரி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா."

"என்னடா கண்ணு?"

"கண்ணாடியைத் துடைச்சது போதும். கோளாறு அங்க இல்ல. என் மூக்குலதான் இருக்கு."

அம்மா திரும்பி அவள் மூக்கைப் பார்த்தார்.

"இந்த மூக்கு இல்லம்மா! விமானத்தோட மூக்கு. அது ரொம்பப் பளபளன்னு இருக்கு. உள்ள உட்கார்ந்தா ரெண்டு சூரியன் தெரியுது. வாண்டு எதிர்லயே நின்னான். எனக்குத் தெரியவே இல்ல."

மாமா சிரித்தார். "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும் மேஸ்திரி. அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுப்பாங்க."

"பெரியவங்களுக்கு அப்படித் தெரியாதுடா செல்லம்" என்றார் அப்பா.

"இப்ப வெயில் போயிடுச்சே, எப்படிப் பார்க்கறது?" என்றார் அம்மா.

சும்மா விடுவாளா மேஸ்திரி? கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மாமா வேலைக்கு வைத்திருந்த பெரிய விளக்கு ஒன்று ஏணியில் தொங்கியது.

"மாமா, அந்த ஏணியை மூக்குக்கு முன்னாடி வைங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி. அம்மா, நீ உள்ள ஏறி உட்காரு. வாண்டு, இங்க வா." அவள் தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு அப்பாவின் பேக்கரிக் கூடையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு ஏணிக்குக் கீழே போய் நின்றான்.

"மேஸ்திரி வேலையை ஆரம்பிச்சுட்டா" என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் சொன்னபடி விளக்கைப் போட்டார்.

"அம்மா, வாண்டு கையில என்ன வெச்சிருக்கான்?"

அம்மா பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டினார்.

"மேல ஒரு லைட்டு. மூக்குல ஒரு லைட்டு. வாண்டு... எங்கடா இருக்கே?"

"இங்கதாம்மா!" என்று நேர் எதிரிலிருந்து குரல் வந்தது.

"கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாரு அக்கா" என்றார் மாமா.

அம்மா போட்டுப் பார்த்தார். "லைட்டு ரெண்டும் அப்படியேதான் இருக்கு. மத்ததெல்லாம் இருட்டாயிடுச்சு."

இப்போது மாமா சிரிக்கவில்லை.

மேஸ்திரி குப்பைக் கூடைக்கு ஓடினாள். தேய்த்துத் தேய்த்துக் கரியாகிப்போன துணிகளில் மிகப் பெரியதாக ஒன்றை எடுத்து உதறி, மூக்கின் மேல் விரித்துப் போட்டாள்.

"இப்ப பாரும்மா!"

"பன்னு!" என்று அம்மா கத்தினார். "பன்னு வெச்சிருக்கான்! அதுலயும் பாதியைத் தின்னுட்டான்!"

வாண்டு அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு மூக்கின் மேல் கிடந்த துணியை உற்றுப் பார்த்தார்.

"இது என்னோட நல்ல பனியனாச்சே!"

அம்மா இறங்கி வந்தார். மாமாவைப் பார்த்தார். "டேய், கிளப்ல நான் ஓட்டிப் பழகின விமானத்துல, மூக்கு மேல கறுப்பா ஒரு பட்டை இருக்குமே..."

"ஆமா அக்கா. அழகுக்கு அடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"ரெண்டு பேரும் நல்ல அறிவாளிங்க" என்றார் அப்பா.

அம்மா மேஸ்திரியின் தலையைத் தடவினார். பிறகு, "இதைக் கறுப்பாக்கணும் கண்ணு. பளபளக்காத கறுப்பு. அதுக்கு முன்னாடி மெருகை உப்புத்தாள் போட்டு எடுக்கணும், இல்லேன்னா பெயின்ட் ஒட்டாது. நீ வெளியே போய் வாண்டு கூட விளையாடறியா? நான் பண்ணிடறேன்" என்றார்.

"வேண்டாம்மா. நான் ஏத்தின மெருகு. நானே எடுக்கறேன்."

பெயின்டுக்கு எங்கே போவது? அப்பாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பேக்கரி வாசலில் விலை எழுதும் கரும்பலகைக்கு அடித்த பெயின்ட் பாதி டப்பா மீதி இருந்தது. துளிக்கூடப் பளபளக்காது! அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

மேஸ்திரி உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். மூக்கில் அவள் முகம் அவளைப் பார்த்தது. ஒரு தடவை இழுத்தாள். சர்ர்ர். முகத்தின் குறுக்கே சாம்பல் கோடு விழுந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பனியன்! எத்தனை நாள் விரல் எரிச்சல்! தேம்பிக்கொண்டே தேய்த்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னொரு தாளை எடுத்து மூலைகளைத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியின் மூக்கு உறிஞ்சல் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில், "அம்மா, அழுத்தாத. ஒரே பக்கமா இழு" என்று அதட்டத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அப்பா கரும்பலகைப் பெயின்டைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்துவிட்டது. விமானத்தை வெளியே தள்ளினார்கள். உடம்பெல்லாம் பளபளக்க, மூக்கின் மேல்புறம் மட்டும் கன்னங்கறேல் என்று இருந்தது.

தெருவே திரண்டு வந்தது. முன்னால் சலூன்காரர். ஒரு கையில் முக்காலி, ஒரு கையில் சவரப் பெட்டி. நேராக மூக்குக்குத்தான் போனார்.

"என்ன மேஸ்திரி இது? மூஞ்சி தெரியும்னு பார்த்தா, மூக்குல கரி பூசி வெச்சிருக்கே!"

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி நிமிர்ந்து நின்றாள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் தெரிஞ்சுது அங்கிள். வெயில் அதுல பட்டு அம்மா கண்ணுல அடிக்குது. முன்னாடி யாரு நிக்கறாங்கன்னே தெரியல. அதான் நானே எடுத்துட்டேன்."

சலூன்காரரின் சிரிப்பு நின்றது. "வெயில் கண்ணாடியில பட்டுக் கண்ணுல அடிக்குமே, அதுவா? என் கடையில சாயங்காலமானா அந்தத் தொல்லைதான். திரையை இழுத்து விட்டுட்டுத்தான் கத்தியையே கையில எடுப்பேன்." அவள் தோளில் தட்டினார். "நல்ல வேலை பண்ணினே. பந்தயம் உனக்குத்தான். சொல்லு, எங்க உட்காரட்டும்?"

"வயித்துப் பக்கம் உட்காருங்க அங்கிள். அங்க நல்லாத் தெரியும்!"

அவர் முக்காலியைப் போட்டு விமானத்தின் விலாப் பக்கமாக உட்கார்ந்தார். தகட்டைப் பார்த்தார். தகட்டிலிருந்து அவரே அவரைப் பார்த்தார், மீசையில் ஒரு நரை முடி உட்பட. "அடேங்கப்பா!" என்று தலையை ஆட்டிவிட்டு முகம் முழுக்க நுரையைப் பூசினார். ஊரே கைதட்ட ஒரு கன்னத்தைச் சவரம் செய்து முடித்தார்.

அப்போதுதான் அம்மா, கம்பத்தில் காற்றின் திசை காட்டிய துணிப்பையை நிமிர்ந்து பார்த்தார். "காத்து நல்லா இருக்கு. கிளம்பறேன். எல்லாரும் தள்ளிப் போங்க!"

"இரும்மா, இரும்மா! எனக்கு இன்னும் ஒரு கன்னம் பாக்கி!"

"வந்து பண்ணிக்கலாம் அண்ணே!"

கூட்டம் வேலிக்குப் பின்னால் ஓடியது. சலூன்காரரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பாதி நுரையோடு ஓடினார். அம்மா ஏறி உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முன்னால் ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். இன்ஜின் இருமியது, உறுமியது. புல் படுத்துக்கொண்டது. விமானம் சூரியனை நோக்கி ஓடியது. ஓடியது, ஓடியது, சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது!

"பறக்குது! அம்மா பறக்கறா!" மேஸ்திரி கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்த மாமா காதைப் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டே அவரும் கத்தினார். விமானம் திரும்பும்போது இறக்கை வெயிலில் மின்னி மின்னி அணைந்தது. அப்பா இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சலூன்காரர் தாடையில் நுரை காய்ந்து பொருக்காகிக்கொண்டிருந்தது. அவருடைய கண்ணாடிதான் வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்ததே!

ஒரு வட்டம். இன்னொரு வட்டம். பிறகு விமானம் மெல்லத் தாழ்ந்து, ஒரு குதி குதித்து, புல்லில் ஓடி வந்தது.

"விமானம் வந்துடுச்சு! விமானம் வந்துடுச்சு!" என்று எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தியவர் சலூன்காரர்தான். அவர் வாயில் 'டப்பா' வரவில்லை என்பதை மேஸ்திரி கவனித்தாள். சிரித்துக்கொண்டாள்.

இன்ஜின் நின்றதும் அவள் ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, முன்னாடி எல்லாம் தெரிஞ்சுதா?"

"வேலி தெரிஞ்சுது, மரம் தெரிஞ்சுது, நீ குதிச்சது தெரிஞ்சுது" என்றார் அம்மா. "வாண்டு கையில இருந்த பாதிப் பன்னுகூடத் தெரிஞ்சுது."

வாண்டு மீதிப் பன்னை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டான்.